உங்கள் கடிதத்தை யார் பிரிக்கலாம்?

பிறந்த வீட்டிலிருந்து நமக்கு வந்த கடிதத்தை வேறு யாராவது முதலில் பிரித்துப் படித்துவிட்டால், மனசு எப்படிச் சுருங்கிப் போகும்! அதில் பெரிய ரகசியம் ஒன்றும் இருக்காது. அம்மாவின் மூட்டு வலி, தம்பியின் பரீட்சை, இவ்வளவுதான். இருந்தாலும் அது நமக்கென்று எழுதியது இல்லையா?

இன்றைக்கு அந்தக் கடிதமெல்லாம் செல்போனுக்குள் போய்விட்டது. டாக்டர் ரிப்போர்ட், குழந்தையின் போட்டோ, பாங்க் கணக்கு, தோழியிடம் கொட்டிய அழுகை எல்லாம் அதற்குள்தான். போதாததற்கு, அவற்றில் பலவற்றின் நகல் ஏதோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. சர்க்கார் கேட்டால் அதைக் கொடுத்துவிடுவார்களா? நீதிபதியின் அனுமதி வேண்டாமா?

தபாலுக்கு ஒன்று, இ-மெயிலுக்கு ஒன்று

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைப் பாருங்கள். தபால் இலாகாவின் வசம் இருக்கும் கடிதத்தை விசாரணைக்காகப் பெற வேண்டுமானால், மாவட்ட மாஜிஸ்திரேட் அல்லது உயர்நிலையில் உள்ள நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். இது 95-வது பிரிவு. ஆனால் மின்னணுச் செய்தியையோ, அது இருக்கும் சாதனத்தையோ கேட்க, போலீஸ் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் எழுத்து மூலமான உத்தரவே போதும் என்கிறது 94-வது பிரிவு. பதினைந்து பைசா போஸ்ட் கார்டுக்கு அன்று கிடைத்த மரியாதை இ-மெயிலுக்கு இல்லை!

இன்னொரு வழியும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-வது பிரிவின்படி, உள்துறைச் செயலாளர் உத்தரவிட்டால் நம் செய்திகளை இடைமறித்துப் பார்க்கலாம். ஓர் உத்தரவு 60 நாள் செல்லும். 180 நாள் வரை நீட்டலாம். ஒத்துழைக்க மறுப்பவருக்கு 7 வருஷம் வரை சிறை. 2018 டிசம்பரில் மத்திய அரசு 10 அமைப்புகளுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தபோது நாடெங்கும் பெரிய சலசலப்பு எழுந்தது. காரணம், உத்தரவு போடுவதும் அதிகாரி, அதைச் சரிபார்க்கும் குழுவிலும் அதிகாரிகள். நீதிபதி எங்கேயும் இல்லை.

நீதிமன்றம் சொன்னது

2017 ஆகஸ்ட் 24-ல், சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2025 ஜூலையில் நம் சென்னை உயர் நீதிமன்றமும், சாதாரணக் குற்றத்தைத் துப்புத் துலக்குவதற்காக ரகசியமாக டெலிபோனை ஒட்டுக் கேட்கக் கூடாது, பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்போ காரணமாக இருக்க வேண்டும் என்று கூறி, 2011-ல் பிறப்பித்த ஓர் உத்தரவை ரத்து செய்தது.

"மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை. நமக்கென்னடி?" என்று கேட்பீர்கள். குளிக்கும்போது கதவைத் தாழ் போடுகிறோமே, தப்புச் செய்யவா? கர்ப்பம் தங்கியதை மூன்று மாதம் வெளியே சொல்லாமல் இருக்கிறோமே, அது குற்றமா? சொல்வதும் சொல்லாததும் நம் விருப்பம். அந்தரங்கம் என்பது அதுதான்.

குழந்தையைக் கடத்திவிட்டார்கள் என்றால் போலீஸ் ஓடித்தான் ஆக வேண்டும்; அந்த நேரத்தில் கோர்ட் வாசலில் காத்திருக்க முடியாது. அவசரத்துக்குப் பார்க்கட்டும், பிறகாவது ஒரு நீதிபதி அதைச் சரிபார்க்கட்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

வீட்டில் நாம் செய்யக் கூடியவை

* போனைக் காட்டச் சொன்னால் சண்டை பிடிக்காதீர்கள். எந்த வழக்கு, எந்தப் பிரிவு என்று பணிவாகக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். தெரிந்த வக்கீலுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

* வீடியோவில் யாராவது போலீஸ் உடுப்போடு வந்து, "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்று மிரட்டினால் உடனே போனை வையுங்கள். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் பேசுங்கள்.

* வாட்ஸ்அப் செய்திகளின் பேக்கப்புக்குத் தனிப் பூட்டு உண்டு. செட்டிங்ஸில் போய் நீங்கள்தான் அதைப் போட வேண்டும்.

* உபயோகிக்காத ஆப்களை நீக்குங்கள். மாதவிலக்குக் கணக்கைக் காலண்டரில் ஒரு புள்ளி வைத்தும் குறித்துக்கொள்ளலாமே!

ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருவார்கள் அல்லவா? தண்ணீர், ரேஷனோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்: "எங்கள் கடிதத்தைப் பிரிக்கும் முன் ஒரு நீதிபதியைக் கேட்பீர்களா?"