கல்லூரி நூலகமும் ஊரின் ஏடுகளும்

நூலகம் என்றதும் வானொலி நேயர் பலரின் மனக்கண்ணில் தோன்றுவது உயர்ந்த தூண்களும் அகன்ற படிகளும் உடைய மாளிகையே. யாழ்ப்பாணத்துப் பொது நூலகம் அத்தகையதொரு தோற்றத்தை நம் உள்ளத்திற் பதித்துவிட்டது. ஆனால் நாட்டிலுள்ள நூலகங்களுட் பெரும்பாலானவை அவ்வாறு இருப்பதில்லை. திருக்கோணமலை போன்ற துறைமுக நகரொன்றில், பாடசாலைக் கல்வியை முடித்த இளைஞரும் யுவதிகளும் கணக்கியலோ மின்னிணைப்போ கணினியோ பயிலும் சிறிய கல்லூரியின் நூலகம் இரண்டே அறைகளில் அடங்கிவிடும். ஓர் அறையில் இரவல் கொடுக்கும் நூல்கள். மற்றையதில் உசாத்துணை நூல்களும் பத்திரிகை மேசையும். நூலகர் ஒருவர், உதவியாளர் ஒருவர், கிறீச்சிடும் மின்விசிறிகள் இரண்டு. இதுவே அதன் செல்வம்.

காலையிற் கதவு திறந்ததும் முதலில் உள்ளே வருவோர் தூரத்து ஊரவர். பேருந்தின் நேரமே அவர்களின் நேரம். கிண்ணியாவிலிருந்து வருவோர் 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்படும்வரை துறையடியிற் 'பாதை'க்குக் காத்து நின்றே நகரை அடைந்தனர். பாதை போய்விடுமோ என்ற ஏக்கத்தோடு வாசிப்பவனுக்கு எந்த நூலும் மனத்திற் பதியாது. அப்பாலம் நெற்கொழுந்தும் மீனும் ஏற்றும் வண்டிகளுக்கு மட்டுமன்றி, வாசிப்பவர்க்கும் மாலையில் ஒரு நாழிகையை மிச்சப்படுத்தித் தந்தது. மூதூர், குச்சவெளி, கந்தளாய் எனப் பல திசைகளிலிருந்தும் வருகின்ற மாணவர் தமிழும் சிங்களமும் பேசுவர். பாடநூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆகவே அகராதித் தட்டே இத்தகைய நூலகங்களில் அதிகம் தேய்ந்த தட்டு எனலாம்.

வெள்ளிக்கிழமைக்குத் தனியொரு களை உண்டு. அரசாங்க வர்த்தமானி வெளிவரும் நாள் அது. கைத்தொலைபேசியிலும் அதனைப் படிக்கலாமெனினும், பதவி வெற்றிட விளம்பரங்களை நாலு பேர் கூடி நின்று வாசித்து, வயதெல்லையையும் தகைமையையும் பற்றி வாதாடினாலன்றி நம் இளைஞர்க்குத் திருப்தி ஏற்படுவதில்லை. நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்குச் செல்வோர் எழுந்து போக, மேசையிற் பாதி வெறுமையாகும். எஞ்சியோர் வீரகேசரியையும் தினகரனையும் பக்கம் பக்கமாகப் பிரித்து எடுத்துக்கொள்வர். பத்திரிகையைப் பிரிக்கலாகாது என்ற அறிவிப்பு அவர்களின் தலைக்கு மேலேயே தொங்கும்.

அந்தப் பத்திரிகைகள் பின்னர் என்னவாகின்றன? இக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. மூன்று மாதமோ ஆறு மாதமோ மூலையிற் கிடந்தபின், நிறுத்து விற்கப்படுகின்றன. மறுவாரம் அவை தேநீர்க் கடையிலே வடை சுற்றும் தாளாகக் காட்சி தருகின்றன. தேசியப் பத்திரிகைகளின் வேறு பிரதிகள் கொழும்பிலே தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கும். அவ்வளவில் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அதே மூலையில் அவற்றோடு சேர்ந்து கிடக்கும் வேறு சில தாள்களுக்கு இன்னொரு பிரதி எங்குமே இல்லாமற் போகலாம். சிறிய நூலகத்தின் உண்மையான பொறுப்பு அவ்விடத்திலேதான் தொடங்குகிறது.

இதனை விளக்க, அதே திருக்கோணமலையிற் பிறந்த ஒருவரின் கதை உதவும். தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1865இற் பிறந்து, சென்னைக்குச் சென்று கற்று, அங்குள்ள மாநிலக் கல்லூரியைச் சார்ந்த கீழைத்தேயச் சுவடி நிலையத்திற் பணிபுரிந்தவர். பிறர் எழுதிய ஏடுகளைக் காப்பதே அவருடைய தொழில். அவர் 1892இல் பெண்களின் உரிமையைப் பேசும் 'தத்தைவிடு தூது' என்னும் செய்யுள் நூலையும், 1895இல் 'மோகனாங்கி' என்னும் நாவலையும் வெளியிட்டார். மதுரைச் சொக்கநாத நாயக்கரின் காலத்தைக் களமாகக் கொண்ட மோகனாங்கியே தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று ஆய்வாளர் குறிப்பர். 1902இல், நாற்பது வயதை எட்டுமுன்னரே அவர் மறைந்தார். அவருடைய நாவலின் பெயரை இலக்கிய வரலாற்று நூல்கள் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தன. நூலோ நெடுங்காலம் வாசகர் கைக்கு எட்டாததாகவே இருந்தது. ஏடு காத்தவரின் ஏட்டுக்கே இக்கதி நேர்ந்தது என்றால், ஊர்ச் சங்கத்தின் ஆண்டறிக்கைக்கு என்ன நேரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அதே மாநிலக் கல்லூரியிற் பிற்காலத்திற் கணிதம் கற்பித்த சீர்காழி இரங்கநாதன், 1924இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்தார். நூல் இருப்பது வாசிப்பவனுக்காகவே என்பது அவற்றின் உயிர்நாடி. நம் கல்விக்கூடங்களிற் கண்ணாடி அலுமாரிக்குள் நூல்களைப் பூட்டி, திறப்பை இடுப்பிற் செருகிக்கொள்ளும் வழக்கம் இன்றும் முற்றாக ஒழியவில்லை. நூல் தொலைந்தாற் கணக்காய்வில் யார் பதில் சொல்வது என்ற அச்சமே அதற்குக் காரணம். அச்சம் நியாயமானதுதான். ஆயினும் கறையானுக்கு மட்டும் திறந்திருக்கும் அலுமாரியால் யாருக்கு என்ன பயன்?

நூல்களை ஒழுங்குபடுத்துவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. மெல்வில் தூயி என்ற அமெரிக்கர் 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையையே நம் நூலகங்களிற் பெரும்பாலானவை கைக்கொள்கின்றன. அறிவு முழுவதையும் பத்தாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் மீண்டும் பத்தாகப் பகுத்துச் செல்வது அம்முறை. அதில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்ற முழு எண் கிடைத்தது. ஈராயிரம் ஆண்டு வயதுடைய தமிழ் இலக்கியமோ 894.811 என்ற ஒண்டுக்குடித்தனத்தில் ஒதுங்கி வாழ்கிறது. சங்கச் செய்யுளும் நேற்றைய சிறுகதையும் நூலின் முதுகில் ஒட்டிய சிறு சீட்டில் ஏழெட்டு இலக்கங்களைச் சுமந்து நிற்கின்றன. இலங்கை வரலாற்றுக்கு 954.93. திருக்கோணமலை என்ற ஊருக்கு? அதற்கு உலகப் பகுப்பு அட்டவணை இடம் தேடித் தராது. அந்த ஊரின் நூலகரே ஒரு தட்டை ஒதுக்கி, 'ஊர்த் தட்டு' என எழுதி ஒட்டவேண்டும்.

அத்தட்டில் வைப்பதற்குப் பொருளுக்குக் குறைவில்லை. 1660இற் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுக்கு மேலாகக் கண்டி இராச்சியத்திற் காலங்கழித்துத் தப்பிய றொபேட் நொக்ஸ் 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூல் அங்கே இருக்கவேண்டும். 1622இற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கடலடியிற் கண்ட ஆதர் சி. கிளார்க் 1957இல் எழுதிய நூல் இருக்கவேண்டும். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் இளைய சகோதரரான கடற்படைத் தளபதி சாள்ஸ் ஒஸ்ரின் 1852இற் பர்மாவில் இறந்து திருக்கோணமலையில் அடக்கஞ் செய்யப்பட்டார். ஒஸ்ரினின் நாவலைப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவி அவ்வழியே நாள்தோறும் நடந்தும் அதனை அறியாதிருப்பாள். நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் இரண்டு வரி எழுதிவைத்தால் அறிவாள்.

ஆனால் இவையெல்லாம் வெளியார் எழுதியவை, அல்லது வெளியாரைப் பற்றியவை. இலண்டனில் அச்சான நூல் இலண்டனில் இருக்கும்; இங்குள்ள பிரதி அழிந்தாலும் நூல் அழியாது. ஊரவர் எழுதியவற்றின் நிலை அவ்வாறன்று. வே. அகிலேசபிள்ளை போன்ற புலவர் ஊரின் பழைய ஏடுகளைத் தேடி, 'திருக்கோணாசல வைபவம்' எழுதியிராவிடில் எத்தனையோ செய்திகள் அவருடன் மறைந்திருக்கும். சுவாமி விபுலானந்தர் அதிபராயிருந்த இந்துக் கல்லூரி இவ்வூரிலேயே உள்ளது. அவர் காலத்துக் கல்லூரிச் சஞ்சிகையின் ஓரிதழ் எவர் வீட்டுப் பரணிலேனும் அகப்படுமாயின், அது ஆய்வாளர்க்குப் புதையலாகும். அத்தகைய புதையல்கள் நாள்தோறும் அச்சாகின்றன. அவை புதையல் என்பதுதான் அச்சாகும்போது தெரிவதில்லை. கும்பாபிஷேக மலர், பள்ளிவாசல் நிருவாக சபையின் கணக்கறிக்கை, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் வெள்ளிவிழா மலர், விளையாட்டுக் கழகத்தின் துண்டுப்பிரசுரம் ஆகியன அவ்வகையின. இவற்றுள்ளும் சிறப்பானது நம்மவர் முப்பத்தோராம் நாளிலே வழங்கும் நினைவுமலர். 'கல்வெட்டு' என்றே அதனை வழங்குவாரும் உளர். வம்சவழியும், பிறந்த ஊரும், கடற்படைத் தளத்திற் பார்த்த வேலையும், 1942 ஏப்பிரலில் யப்பானியர் குண்டு போட்டபோது குடும்பம் ஓடிய வழியும் அதில் எழுதப்பட்டிருக்கலாம். நூறோ இருநூறோ பிரதிதான் அச்சிடுவர். உறவினர் வீட்டிற் சில காலம் இருக்கும். பின்பு வீடு மாறும்போது போய்விடும்.

அச்சான ஒவ்வொன்றின் பிரதியையும் அரசிடம் சேர்க்கவேண்டும் என்ற சட்டம் 1885ஆம் ஆண்டு முதலே உண்டு. சிறிய அச்சகத்தார் நினைவுமலருக்கு அதனைக் கருதுவதில்லை.

கிடைத்ததைக் காப்பதும் எளிதன்று. ஐப்பசி தொடங்கித் தை வரை மாரி பெய்யும் கரை இது. உப்புக் காற்று ஆண்டு முழுவதும் வீசும். முதலிற் கெடுவது தாளன்று, தாளைக் கோத்த இரும்புக் கம்பி. அது துருப்பிடித்துச் சுற்றியுள்ள தாளையும் அரித்துவிடும். ஆகவே கம்பியைக் கழற்றிப் பருத்தி நூலாற் தைத்தல் நன்று. கிழிசலுக்கு ஒட்டும் பளபளப்பு நாடா நாளடைவில் மஞ்சளித்து எழுத்தையே தின்னும். பத்திரிகைத் தாள் மலிவான மரக்கூழாலானது. வெயில் பட்டால் நிறம் மாறி முறுகி நொறுங்கும். தட்டைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் விலக்கி வைத்தால் ஈரமும் கறையானும் ஓரளவு விலகும். வேப்பிலையும் வசம்பும் நம் முன்னோர் ஏட்டுக்கு இட்டவை, இன்றும் பழுதில்லை.

1964 திசெம்பர்ச் சூறாவளி, 2004 திசெம்பர்க் கடற்கோள், முப்பதாண்டுப் போர், இடப்பெயர்வு ஆகியன இம்மாவட்டத்து வீடுகளிலிருந்து வாரிச்சென்ற தாள்களை எண்ணுவார் இல்லை. யாழ்ப்பாணத்தில் 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. கட்டடம் மீண்டும் எழுந்தது. அச்சு நூல்களுட் பல மீண்டும் வாங்கப்பட்டன. ஏட்டுச் சுவடிகளை எந்தக் கடையிலும் வாங்க முடியவில்லை. ஒன்றே ஒன்றாயிருந்த பிரதி ஓரிடத்திலேயே இருந்தமை அவ்விழப்பின் கொடுமை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகம் ஈழத்து ஏடுகளை ஒளிப்படி எடுத்து யாவரும் படிக்க வைக்கின்றது. ஆயினும் எங்கே எது கிடக்கிறது என்பதை ஊரிலுள்ள ஒருவர் சொன்னாலன்றோ அவர்களும் வந்து எடுக்க இயலும்? கையிலுள்ள தொலைபேசியாற் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைப்பதும் ஓர் இரண்டாம் பிரதிதான்.

மாலையில் மூடும் மணி அடித்தபின் இவ்வாறும் நிகழ்வதுண்டு. மாணவி ஒருத்தி பையிலிருந்து மெல்லிய புத்தகமொன்றை எடுத்து, "ஐயா, அப்பப்பாவின்ரை கல்வெட்டு. நேற்றுக் கேட்டீங்கள்" என்று தயங்கித் தயங்கி நீட்டுவாள். நூலகர் அதனை வாங்கி, துருவேறிய கம்பிகளை நகத்தாற் கிளப்பி அகற்றுவார். பதிவேட்டைத் திறந்து அடுத்த இலக்கத்தை எழுதுவார். அதே இலக்கத்தை மலரின் உள்ளட்டையிற் பென்சிலாற் குறிப்பார். "கொண்டு வந்தவர் பெயர் போடவேணுமே, பிள்ளை?" என்று அவர் கேட்குமுன், கிண்ணியாப் பேருந்தின் ஒலி கேட்டு அவள் வாசலைக் கடந்திருப்பாள்.