இரைச்சலுக்குள் ஒரு கணக்கு

நின்றுகொண்டிருக்கும் மின்சார இன்ஜின் பக்கத்தில் போய்ப் பாருங்கள். வண்டி ஓரடிகூட நகர்ந்திருக்காது. ஆனால் பக்கத்திலிருப்பவர் பேசுவது காதில் விழாது. இழுக்கும் மோட்டாரின் சத்தம் என்றே பலரும் நினைக்கிறோம். அது விசிறிகளின் சத்தம். மோட்டாருக்கு ஒன்று, டிரான்ஸ்பார்மர் எண்ணெயை ஆற்ற ஒன்று என்று தனித்தனி புளோயர்கள். பழைய இன்ஜின்களில் இவற்றை எம்.வி.எம்.டி., எம்.வி.ஆர்.எச். என்பார்கள். 1959 வாக்கில் ஐரோப்பாவிலிருந்து நம் முதல் 25 கிலோவோல்ட் இன்ஜின்கள் வந்தபோது கூடவே வந்த பிரெஞ்சுப் பெயர்களின் முதலெழுத்துகள் அவை. லோகோ பைலட்டுகளின் வாயில் அப்படியே தங்கிவிட்டன.

இத்தனை காற்று எதற்கு? மேல்கம்பியிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு சக்கரத்தை எட்டுவதில்லை, வழியிலேயே சூடாகிவிடுகிறது. 6,000 குதிரைத்திறன் என்பது சுமார் 4,500 கிலோவாட். அந்த இன்ஜின் முழு மூச்சில் இழுக்கும்போது உள்ளே பிறக்கும் வெப்பம் குறைந்தது 500 கிலோவாட். 2 கிலோவாட் இன்டக்‌ஷன் அடுப்புகள் 250-ஐ ஒரே பெட்டிக்குள் எரியவிட்டதற்குச் சமம்.

இந்தச் சூட்டில் செம்புக்கு ஒன்றும் ஆகாது. செம்புக் கம்பியைச் சுற்றியிருக்கும் மின்காப்புதான் கருகும். எண்ணெயில் மூழ்கிய, காகிதம் சுற்றிய டிரான்ஸ்பார்மர்களுக்குச் சர்வதேசத் தர விதி ஒரு வரம்பு வைத்திருக்கிறது: சுருளின் மிகச் சூடான புள்ளி 98 டிகிரி. அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் காகிதம் மூப்படையும் வேகம் இரட்டிப்பாகும். 110 டிகிரியில் ஓடும் சுருள் ஒரு நாளில் நான்கு நாள் வயதாகிறது. சராசரி வெப்பநிலை நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் ஆறுதலே இல்லை. ஒரு மூலை கருகினாலும் இன்ஜின் நடுவழியில் நின்றுவிடும்.

அந்த மூலையில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். உயர் மின்னழுத்தச் சுருளின் நடுவயிற்றில், சரியாக எந்த இடம் என்றும் தெரியாமல், எங்கே வைப்பது? எண்ணெயின் சூட்டை அளக்கலாம், வெளிக்காற்றை அளக்கலாம், மின்னோட்டத்தை அளக்கலாம். மிச்சத்தைக் கணக்கிட்டே அறிய வேண்டும்.

அந்தக் கணக்கின் வடிவம் எனக்கு மிகவும் பிடித்தது. வெப்பம் பாய்வதை மின்னோட்டமாகவும், சூட்டு வித்தியாசத்தை மின்னழுத்தமாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். காப்புத்தாள், காற்றிடைவெளி எல்லாம் மின்தடைகள். சூட்டைப் பிடித்து வைக்கும் இரும்பும் எண்ணெயும் மின்தேக்கிகள். இன்ஜின் முழுவதும் ஒரு மின்சுற்றாகிவிடுகிறது. 1827-ல் தன் மின்சுற்று விதியை வெளியிட்ட ஓம், ஐந்தாண்டுகளுக்கு முன் வந்த ஃபூரியேயின் வெப்பக் கணிதத்தைத்தான் முன்மாதிரியாகக் கொண்டிருந்தார். மின்சாரம் வெப்பத்திடம் வாங்கிய கடன், வட்டியோடு திரும்பி வந்திருக்கிறது.

கணக்கில் சிக்கலான இடம் நேரம். மெல்லிய வாணலி சட்டென்று காயும், சட்டென்று ஆறும். கல்யாண வீட்டு அண்டா அடுப்பை அணைத்தபிறகும் நெடுநேரம் சூடாகவே இருக்கும். மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் கன்வெர்ட்டரில் உள்ள சிலிக்கான் சில்லு வாணலியையும் மிஞ்சும். நொடிக்குள் ஏறி இறங்கும். மோட்டார் சுருள் சூடேறப் பல நிமிடங்கள் ஆகும். டிரான்ஸ்பார்மர் எண்ணெய்தான் அண்டா, மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். இந்த மூன்று கடிகாரங்களையும் ஒரே சமயத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

மும்பை–புனே பாதையில் கர்ஜத்திலிருந்து லோனாவாலா வரை 28 கிலோமீட்டர் மலையேற்றம் இந்தக் கணக்குக்குச் சரியான பரீட்சை. 37 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம். கர்ஜத்தில் வண்டிக்குப் பின்னால் பேங்கர் இன்ஜின்களை மாட்டி மேலே தள்ளுகிறார்கள். மோட்டாருக்கு, நாள் முழுக்கத் தாங்கும் திறன் ஒன்று, ஒரு மணி நேரம் மட்டும் தாங்கும் திறன் ஒன்று என இரண்டு எண்கள் உண்டு. மலையேற்றம் இரண்டாவது எண்ணை நம்பி நடப்பது. மின்னோட்டம் 20 சதவீதம் கூடினால் வெப்பம் 44 சதவீதம் கூடும். அது மட்டுமில்லை, 20 டிகிரியில் இருந்த செம்பு 150 டிகிரிக்குப் போனால் அதன் மின்தடை ஒன்றரை மடங்காகிறது. சூடு சூட்டை வளர்க்கிறது. நடுவே சிக்னலில் நிறுத்திவிட்டால், ஆறாத சுருளோடு ஏற்றத்தில் மறுபடி கிளம்ப வேண்டும். சுரங்கங்களுக்குள் இழுக்கும் காற்றோ ஏற்கெனவே வெதுவெதுப்பானது.

இவ்வளவையும் எழுதிவிட்ட கணக்கும் ஒரு இடத்தில் ஏமாறும். புளோயர் இத்தனை கன மீட்டர் காற்று தரும் என்று அது நம்புகிறது. நிலக்கரித் தூளும் சிமென்ட் தூசியும் ஃபில்ட்டரில் படிந்தால் விசிறி அதே சத்தம்தான் போடும். உள்ளே போகும் காற்று குறைந்திருக்கும். ஷெட்டில் அழுத்தக் காற்றைப் பீய்ச்சி அந்தத் தூசியை ஊதித் தள்ளுகிறவரின் வேலையும் சமன்பாட்டின் ஒரு உறுப்பு என்பது என் உறுதியான எண்ணம். அழுக்கு ஃபில்ட்டரைச் சேர்க்காத கணக்கை முழுக் கணக்கு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. செம்புச் சுருளின் சூட்டை டிகிரி டிகிரியாகக் கணக்கிட்ட இன்ஜின்களிலேயே, ஓட்டுநர் அறை பல பத்தாண்டுகள் குளிர்சாதனம் இல்லாமல் இருந்தது. நாக்பூர் மே மாத வெயிலில் அந்த இரும்பறைக்குள் உட்கார்ந்து சிக்னலைப் பார்த்த கண்களுக்கு யாரும் வரம்பு எண் எழுதி வைக்கவில்லை. குளிர்சாதன அறைகள் இப்போதுதான் பரவலாகின்றன.

லோனாவாலாவில் பேங்கரைக் கழற்றிவிடுகிறார்கள். மோட்டாருக்கு மின்சாரம் நின்றாயிற்று. வண்டி புனே பக்கம் போய் மறைந்துவிட்டது. புளோயர்கள் மட்டும் இன்னும் இரைந்துகொண்டிருக்கின்றன. மலை ஏறிய சூடு இப்போதுதான் மெல்ல வெளியே வருகிறது.