போக மறுக்கும் விருந்தாளி

நெம்மேலிக் கடற்கரையில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும்படி அமைக்கப்பட்ட ஆலை 2013-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. சமுத்திர ஜலத்திலிருந்து உப்பையே பிரித்துவிடுகிறார்கள். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து வேண்டாத ஒரு புரோகிராமை வெளியேற்றுவது இருக்கிறதே, அது நெம்மேலியானாலும் சரி, மயிலாப்பூரானாலும் சரி, பெரும்பாடுதான்!

‘போய் வா’ என்கிறீர்கள். ‘மாட்டேன்’ என்கிறது. கெடு முடிந்துபோன பழைய வைரஸ் தடுப்புப் புரோகிராம், புதியதையும் உள்ளே விடாமல், குழந்தைகளின் பாடங்களுக்கும் இடம் கொடாமல் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. ஏன் இந்தப் பிடிவாதம்?

முதல் காரணம், அது கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்துகொண்டிருப்பது. ஆள் உட்கார்ந்திருக்கும் பாயைச் சுருட்ட முடியுமா? கம்ப்யூட்டரை ‘ரீஸ்டார்ட்’ செய்து, வேறு எதையும் திறக்காமல் நீக்கிப் பாருங்கள். பாதி உபத்திரவம் இதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது காரணம் வேடிக்கையானது. குடி வரும்போதே, எந்தச் சாமானை எங்கே வைத்தோம் என்று பல புரோகிராம்கள் ஒரு ஜாபிதா வைத்துக்கொள்கின்றன. விண்டோஸில் அது ‘இன்ஸ்டாலர்’ என்ற மறைவான அறையில் இருக்கும். இடம் மிச்சமாகட்டும் என்று யாராவது அந்த அறையைப் பெருக்கித் தள்ளிவிட்டால் வந்தது வினை! ஜாபிதா இல்லாமல் எதை எடுத்துக்கொண்டு போவது? அதே புரோகிராமை, அதே பதிப்பில், மறுபடியும் ஒரு முறை நிறுவுங்கள். ஜாபிதா திரும்பிவிடும். பிறகு நீக்கினால் சாதுவாகப் போய்விடும்.

அதற்கும் அசையாவிட்டால், மைக்ரோஸாப்ட் நிறுவனமே இதற்கென்று இலவசமாக ஒரு கருவி தருகிறது. வைரஸ் தடுப்புக் கம்பெனிகளில் பல, தத்தம் சரக்கை அகற்றத் தனிக் கருவி வைத்திருக்கின்றன. எதைத் தொடுமுன்பும் குடும்பப் படங்களையும் சர்ட்டிபிகேட்டுகளையும் வேறொன்றில் பிரதி எடுத்து வையுங்கள்.

வேண்டுமென்றே போகாமலிருக்கும் ஜாதியும் உண்டு. 2005-ல் ஸோனி பி.எம்.ஜி. நிறுவனத்தின் இசைத் தட்டுகள் சில, போட்டவர்களின் கம்ப்யூட்டருக்குள் ஒரு புரோகிராமை ஒளித்துவைத்தன. கூச்சல் கிளம்பியதும், அதை நீக்குவதற்கென்று ஒரு மருந்து வந்தது. அந்த மருந்தோ, திருடர்கள் நுழையப் புதிய வாசலைத் திறந்துவிட்டது! கடைசியில் இசைத் தட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

ஆகவே, சகோதரிகளே, மிக முக்கியமான விஷயம் இதுதான். திரையில் திடீரென்று ஒரு டெலிபோன் எண் தோன்றி, ‘கூப்பிடுங்கள், நாங்கள் நீக்கித் தருகிறோம்’ என்று அழைத்தால் மயங்காதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரை இருந்த இடத்திலிருந்தே ஆட்டிவைக்கும் அதிகாரத்தைக் கேட்டு வாங்கி, பாங்குப் பணத்தைத் துடைத்துவிடும் கூட்டம் அது. ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

வேண்டாத விருந்தாளி இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுத்தான் போகட்டுமே! அவரை விரட்டுவதற்காகக் கொள்ளைக்காரனுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டாம்.