சிறுநீரகக் கோளாறும் சின்ன டம்ளர் காபியும்

வீட்டில் ஒருவருக்குக் கிட்னியில் கோளாறு என்று தெரிந்ததும் ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். முதல் அடி காபி மேல்தான் விழும். "அந்தக் கறுப்புத் தண்ணியை நிறுத்து, எல்லாம் சரியாப் போயிடும்" என்பார்கள். ஐம்பது வருஷமாக டிகாக்ஷன் வாசனையில் கண் விழித்தவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்!

என் மாமியாருக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் உண்டு. 2022-ல் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் நான்காம் கட்டத்துக்கு வந்துவிட்டது தெரிந்தது. சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் கணக்குப் போட்டு ஓர் எண் தருகிறார்கள். அது 15 முதல் 29 வரை இருந்தால் நான்காம் கட்டம். உறவுக்காரர்கள் சொன்னதைக் கேட்டு அத்தை தாமாகவே காபியை விட்டார்கள். இரண்டாம் நாளே தலைவலி. பிறகு சிடுசிடுப்பு, சோறு வேண்டாம் என்கிற பிடிவாதம். காபிக்குப் பதிலாக நாத்தனார் அன்போடு ஏற்பாடு செய்தது கருப்பட்டி போட்ட சுக்குக் காபியும், தினம் ஓர் இளநீரும். "உடம்புக்குக் குளிர்ச்சி, நீர் நல்லாப் பிரியும் அண்ணி" என்றாள்.

அடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் 5.9! இது 5-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. ரொம்ப ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகி உயிருக்கு ஆபத்து. நல்ல சிறுநீரகம் அதிகப்படியான பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. ஒரு கப் (240 மி.லி.) இளநீரில் சுமார் 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. வெல்லம், கருப்பட்டியிலும் வெள்ளைச் சர்க்கரையைவிட எத்தனையோ மடங்கு அதிகம். அதே அளவு வெறும் கறுப்புக் காபியில் இருப்பது 115 மில்லிகிராம் போலத்தான். டாக்டர் இதைச் சொன்னபோது அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "பாத்தியா, காபி பாவம்னு நான் அப்பவே சொல்லலே?"

அதற்காகப் பழையபடி நாலு வேளை முழு டம்ளர் குடிக்கலாம் என்றில்லை. நம் காபியில் பாதிக்கு மேல் பால்தானே? அங்கேதான் விஷயம் இருக்கிறது. 100 மி.லி. பசும்பாலில் பொட்டாசியம் சுமார் 150 மில்லிகிராம், பாஸ்பரஸ் 90 மில்லிகிராமுக்கு மேல். முன்பு அத்தை குடித்த காபியில் தினம் 600 மி.லி. பால் போயிருக்கும். கணக்குப் போட்டால் காபியிலேயே 900 மில்லிகிராம் பொட்டாசியம், 550 மில்லிகிராம் பாஸ்பரஸ்! பாஸ்பரஸ் ரத்தத்தில் சேர்ந்தால் அரிப்பு வரும், நாளடைவில் எலும்பு பலமிழக்கும். எருமைப்பாலில் பாஸ்பரஸ் இன்னும் அதிகம். கள்ளிச் சொட்டு போல் பால் விட்டுக் கலப்பதுதான் உபசாரம் என்று நினைக்கும் நம் கைகள்தான் கொஞ்சம் பழக வேண்டும்.

பாலுக்குப் பதில் டப்பாவில் வரும் வெள்ளைப் பொடி போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அது கட்டி தட்டாமல் கரைவதற்குப் பல கம்பெனிகள் பாஸ்பேட் உப்பு சேர்க்கின்றன. பாலில் உள்ள பாஸ்பரஸைவிட இது உடம்பில் சுலபமாக ஏறிவிடும். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் பாஸ்பேட் என்றோ, 339, 340 என்ற எண்களோ இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

டாக்டரைக் கேட்டு எங்கள் வீட்டில் செய்த ஏற்பாடு இதுதான். காலை ஆறு மணிக்கு ஒன்று, பிற்பகல் மூன்று மணிக்கு ஒன்று. சாமி அலமாரியில் இருந்த சின்ன வெள்ளி டம்ளரைத் தேய்த்து எடுத்தேன். அது 100 மி.லி. பிடிக்கும். பால் பாதி, மீதி டிகாக்ஷனும் வெந்நீரும். முதல் டிகாக்ஷன் கொஞ்சம் விட்டால் போதும், மணம் தூக்கும். அத்தைக்குச் சர்க்கரை போடுவதில்லை. மூன்று மணிக்குப் பிறகு காபி கிடையாது. தூக்கம் கெட்டால் மறுநாள் கொதிப்பும் ஏறுகிறது.

காலில் வீக்கம் இருந்ததால் நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீர் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எல்லோருக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்கள் தாமாகவே தண்ணீரைக் குறைக்கக் கூடாது. கட்டுப்பாடு உள்ளவர்களுக்குக் காபி, ரசம், மோர், கஞ்சி எல்லாமே கணக்கில் சேரும். "காபி குடிச்சா நீர் இறங்கிடுமே" என்று சமாதானம் சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. நான் காலையில் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்துவிடுவேன். அத்தை காபி குடித்தால் அதே டம்ளரில் ஒரு டம்ளர் தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துத் துளசிச் செடிக்கு ஊற்றிவிடுவேன். ரசம் ஊற்றிக்கொண்டாலும் அப்படியே. பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. இதனால் வாய்ச்சண்டை பாதி குறைந்தது.

இன்னும் இரண்டு விஷயம். சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தசோகைக்காக இரும்புச் சத்து மாத்திரை தருவார்கள். அதைக் காபியோடு விழுங்கினால் சத்து சரியாகச் சேராது. ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். அதேபோல் பிரஷர் பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி வேண்டாம். அளவு ஏற்றிக் காட்டும், டாக்டர் மருந்தைக் கூட்டிவிடுவார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் அத்தையின் பொட்டாசியம் 4.8. "ரெண்டு காபிக்கு மேலே ஒரு சொட்டுக்கூட ஏத்தாதீங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அளவு வேறாக இருக்கும். உங்கள் வீட்டு ரிப்போர்ட்டைக் காட்டி உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் மட்டும் எனக்கு இன்னும் திண்டாட்டம்தான். எவ்வளவு சொன்னாலும் யாராவது பெரிய டம்ளரில் நுரை ததும்ப ஆற்றிக்கொண்டு வந்து அத்தை கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் அந்த வெள்ளி டம்ளர் இப்போது என் கைப்பையிலேயே இருக்கிறது.