ஒரே ஒரு தாலந்துதான் இருக்கா? அதை மண்ணுல புதைச்சிடாதீங்க!

“அவளுக்கு சூப்பரா பாட வருது. அவன் மைக்கைப் பிடிச்சா அசத்துறான். எனக்குத்தான் ஒண்ணுமே வரலை!” சர்ச் யூத் மீட்டிங்கின் கடைசி பெஞ்சில் இப்படி ஏங்காத இளைஞர்கள் குறைவு. ரீல்ஸைத் திறந்தால் அந்த ஏக்கம் இன்னும் கூடும். கடவுள் தந்த வரங்களைப் பற்றி பைபிள் உண்மையில் என்னதான் சொல்கிறது?

தாலந்து என்றால் என்ன?

மத்தேயு 25-ம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதை இது. வெளியூர் கிளம்பும் எஜமான், மூன்று வேலைக்காரர்களிடம் ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளை ஒப்படைக்கிறார். அன்று தாலந்து என்பது திறமை அல்ல, பணத்தின் எடை. ஒரு தாலந்து என்பது சுமார் 6,000 வெள்ளிக்காசுகள். ஒரு காசு, ஒரு நாள் கூலி. கணக்குப் போட்டால், ஒரு கூலித் தொழிலாளியின் ஏறக்குறைய 20 வருடச் சம்பாத்தியம்! ஆக, ‘ஒன்றே ஒன்று’ வாங்கியவரும் ஏழை இல்லை.

ஐந்தை பத்தாக்கியவருக்கும், இரண்டை நான்காக்கியவருக்கும் கிடைத்தது ஒரே பாராட்டு. எஜமான் தொகையை ஒப்பிடவில்லை, உண்மையாக இருந்தார்களா என்று மட்டுமே பார்த்தார். மூன்றாமவர் திருடவில்லை, தொலைக்கவும் இல்லை. பயந்துபோய் மண்ணில் புதைத்துவைத்து, அப்படியே திருப்பிக் கொடுத்தார். பிரச்னையே அதுதான். கொடுத்தது பத்திரப்படுத்த அல்ல, பயன்படுத்த.

மேடை மட்டும்தான் வரமா?

இல்லவே இல்லை. யாத்திராகமத்தில் கடவுளின் ஆவியால் நிரப்பப்பட்ட பெசலெயேல், பொன்னிலும் மரத்திலும் வேலை செய்த கைவினைக் கலைஞர். யோப்பா ஊரின் தபீத்தாள், விதவைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்தவர். ரோமர் 12-ல் பவுல் தரும் வரங்களின் பட்டியலில் போதிப்பதோடு, பணிவிடை, தாராளமாகக் கொடுப்பது, இரக்கம் காட்டுவது எல்லாமே இருக்கின்றன.

தேவையிலிருந்து தொடங்கிய ஐடா

1870-ல் ராணிப்பேட்டையில் மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். அமெரிக்காவில் படித்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். இங்கேயே தங்கும் எண்ணம் அவருக்கு இல்லை. ஓர் இரவு, மூன்று பேர் தனித்தனியாக வந்து மனைவியின் பிரசவத்துக்கு அவரை அழைத்தார்கள். டாக்டரான ஐடாவின் அப்பா வரத் தயார். ஆனால், ஓர் ஆண் பிரசவம் பார்ப்பதை அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அதன்பிறகே அவர் மருத்துவம் படித்தார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி! வரம் சில நேரம் ரெடிமேடாக வராது. கண்ணில்பட்ட தேவைக்காகக் கற்றுக்கொள்ளும்போதுதான் வளரும்.

நீங்கள் எங்கே தொடங்கலாம்?

* மற்றவர்கள் உங்களிடம் அடிக்கடி கேட்கும் உதவி என்ன? கணக்கு சொல்லித் தருவதா, போன் ரிப்பேரா, மனசுவிட்டுப் பேச ஓர் ஆளா? க்ளூ அங்கேதான் இருக்கிறது.

* சின்னதாகத் தொடங்குங்கள். சண்டே ஸ்கூலில் இரண்டு பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பதும் ஊழியம்தான்.

* பயிற்சியை விடாதீர்கள். ‘கர்த்தர் பார்த்துப்பார்’ என்று ரிகர்சலுக்கு மட்டம் போடுவது விசுவாசம் இல்லை, சோம்பல்.

* கதையில் ஒவ்வொருவருக்கும் அவரவர் சக்திக்கு ஏற்பத்தான் கொடுக்கப்பட்டது. அதனால் படிப்பையும் தூக்கத்தையும் தொலைத்து எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டாம். “இந்த வாரம் முடியாதுண்ணா” என்று சொல்வது பாவமில்லை.

* லைக்ஸை வைத்து வரத்தை அளக்காதீர்கள். வரம் அடுத்தவருக்கு ஊழியம் செய்யவே என்கிறார் பேதுரு. அதனால் யார் கைதட்டினார்கள் என்று பார்க்காமல், யாருக்கு உதவியது என்று பாருங்கள்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு பென்ஷன் ஃபாரம் நிரப்பத் தெரியவில்லையா? உங்களுக்குத் தெரியும்தானே... இன்றைக்கே போய்க் கதவைத் தட்டுங்கள்!