விஞ்ஞான வகுப்பும் படைப்புக் கொள்கையும்



நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், உயிரியல் ஆசிரியர் விடுப்பிலிருந்த ஒரு நாள், பரிணாமப் பாடத்தை நடத்த நானே பத்தாம் வகுப்புக்குச் சென்றேன். பாடம் பாதியில் இருக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, டார்வின் சொன்னதும் ஒரு கோட்பாடுதானே? கடவுள் படைத்தார் என்பதும் ஒரு கருத்து. இரண்டையும் சொல்லிவிட்டு, எது சரி என்று எங்களையே தீர்மானிக்கச் சொல்லலாமே?" என்றான். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கேள்வி நியாயமானது. மணி அடித்ததைச் சாக்கிட்டு அன்று நான் தப்பித்துக்கொண்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஏறத்தாழ இதே கேள்வி, அமெரிக்க ஐக்கிய நாட்டின் நீதிமன்றங்களில் எண்பது ஆண்டுக் காலம் மீண்டும் மீண்டும் எழுந்திருக்கிறது. அந்தக் கதையைச் சொன்னால் அம்மாணவனுக்கு நான் பட்ட கடன் ஓரளவேனும் தீரும்.

உலகையும் உயிர்களையும் இறைவன் படைத்தான் என்று நம்புவது ஒன்று. விவிலியத்தின் படைப்பு வரலாற்றை எழுத்துக்கு எழுத்து உண்மையெனக் கொண்டு, உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று மாறித் தோன்றியவை அல்ல என்று வாதிடுவது மற்றொன்று. இந்த இரண்டாவதையே படைப்புக் கொள்கை என்கிறோம். முன்னதை நம்பும் விஞ்ஞானிகள் பலர் உண்டு. அவர்களுக்கு இவ்வழக்கில் எத்தகராறும் இல்லை.

1925-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டென்னசி மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. மனிதன் கீழ்நிலை உயிர்களிலிருந்து தோன்றினான் என்று அரசாங்கப் பணத்தால் நடக்கும் பள்ளிகளில் கற்பிப்பது குற்றம் என்றது அச்சட்டம். அவ்வாண்டு ஜூலையில், டேட்டன் என்னும் சிற்றூரில், ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். அவர் பாடம் நடத்தப் பயன்படுத்தியதாகச் சொல்லப்பட்ட நூலோ, அம்மாநிலமே பள்ளிகளுக்கு ஏற்பளித்திருந்த பாடநூல்! சிகாகோ வானொலி நிலையம் ஒன்று விசாரணையை நேரடியாக ஒலிபரப்பியது. வானொலியில் பேசுகிற நான் இதைக் குறிப்பிடாமல் செல்ல முடியுமா?

ஸ்கோப்ஸின் பக்கம் கிளாரன்ஸ் டாரோ வாதாடினார். எதிர்த்தரப்பில் நின்றவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். மும்முறை ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டவர். அவரைப் பழமைவாதி என்று எள்ளி ஒதுக்குவது பலருக்கு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வலியவன் வாழ்வான், எளியவன் அழிவான் என்பதைச் சமுதாய நீதியாக்க டார்வினின் பெயர் பயன்பட்டுவிடும் என்று அவர் அஞ்சினார். அந்தப் பாடநூலிலேயே மனித இனங்களை உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்திய பக்கங்கள் இருந்தன. இன்று எந்த உயிரியலாரும் அவற்றை ஏற்கமாட்டார். பிரையனின் அச்சம் முழுவதும் வீண் அல்ல. அவர் தேடிய மருந்துதான் தவறானது. ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1927-இல் மாநில உச்ச நீதிமன்றம், அபராதத் தொகையை நடுவர் குழு குறிக்காமல் நீதிபதி குறித்தது முறையன்று என்ற நுணுக்கம் காட்டித் தண்டனையை நீக்கியது. ஆனால் சட்டம் நிலைத்தது. 1967-இல்தான் டென்னசி அதனை நீக்கிற்று. மறு ஆண்டே, அர்க்கன்சாஸ் மாநிலத்தின் இதே போன்ற தடைச் சட்டம் செல்லாது என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தடுக்க முடியாது என்றானபின், வாதம் உருமாறிற்று. "பரிணாமத்தைக் கற்பியுங்கள், உடன் படைப்பு விஞ்ஞானத்தையும் சரிசமமாகக் கற்பியுங்கள்" என்றனர். 1981-இல் அர்க்கன்சாஸும் லூயிசியானாவும் இவ்வாறு சட்டம் செய்தன. என் மாணவன் கேட்டதும் இதுவே அல்லவா? அர்க்கன்சாஸ் சட்டத்தை எதிர்த்து வழக்காடியவர்களுள் கிறிஸ்தவ ஆயர்களும் போதகர்களும் இருந்தனர் என்பது பலரும் அறியாத செய்தி. 1982 ஜனவரியில் நீதிபதி ஓவர்டன் அச்சட்டத்தைத் தள்ளுபடி செய்தார். விஞ்ஞானக் கூற்று என்பது இயற்கை விதிகளால் விளக்கப்படுவது, சோதனைக்கு உட்படுவது, தவறென்று காட்டப்பட இடந்தருவது, புதிய சான்று வந்தால் திருந்துவது என்று அவர் வரையறுத்தார். லூயிசியானாவின் சட்டம் 1987-இல் உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தது.

மீண்டும் உருமாற்றம். 2004-இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டோவர் பள்ளி நிர்வாகக் குழு, ஒன்பதாம் வகுப்பு உயிரியல் பாடத்துக்கு முன் ஓர் அறிவிப்பைப் படிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. டார்வினின் கோட்பாடு உண்மை நிகழ்ச்சி அன்று, அதில் இடைவெளிகள் உள்ளன, 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்னும் வேறொரு விளக்கமும் உண்டு, அதனை அறிய விரும்புவோருக்கு இன்ன நூல் இருக்கிறது என்பது அதன் சாரம். கடவுள் என்ற சொல் அதில் இல்லை. விஞ்ஞான ஆசிரியர்கள் அதைப் படிக்க மறுத்துவிட்டனர். வேலைக்கு என்ன ஆகுமோ என்ற கவலை அவர்களுக்கு இல்லாமலா இருந்திருக்கும்? நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து படித்தனர். பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடுத்தனர்.

அவ்விசாரணையில் அந்த நூலின் பழைய கையெழுத்துப் படிகள் வெளிப்பட்டன. 1987-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு முந்தைய படிகளில் 'படைப்பு' என்றிருந்த இடங்களிலெல்லாம் பிந்தைய படிகளில் 'வடிவமைப்பு' என்றிருந்தது. ஓரிடத்தில் பழைய சொல் முழுவதும் அழியாமல் புதிய சொல்லோடு ஒட்டிக்கொண்டு, எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல்லாக நின்றது! மாணவன் பார்த்து எழுதியதைக் கண்டுபிடிக்க ஆசிரியர்களாகிய நாங்கள் கையாளும் வழியும் இதுதான்: பிழையும் சேர்ந்தே பெயர்ந்து வந்திருக்கும். இன்னொரு காட்சி: வடிவமைப்புத் தரப்பின் முதன்மைச் சாட்சியான மைக்கேல் பீஹி என்ற பேராசிரியர், விஞ்ஞானக் கோட்பாட்டுக்குத் தாம் தரும் இலக்கணத்தின்படி சோதிடமும் கோட்பாடாகிவிடும் என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார்.

இவ்வழக்கில் நான் மிகவும் போற்றுவது, கென்னத் மில்லர் என்ற உயிரியல் பேராசிரியர் கூறிய சாட்சியம். அவர் கத்தோலிக்க சமயப் பற்றுடையவர். மனிதனின் உடலணுவில் 46 குரோமோசோம்கள். சிம்பன்ஸி, கொரில்லா, உராங்குட்டான் ஆகியவற்றுக்கு 48. எல்லோரும் ஒரு மூதாதையின் வழிவந்தவர்கள் என்றால், நம்மிடத்தில் ஓர் இணை எங்கே போயிற்று? ஓர் இணை முழுவதையும் இழந்த உயிர் பிழைத்திராது. ஆகவே, இரண்டு குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் தடயம் இருக்க வேண்டும். குரோமோசோமின் நுனிகளுக்கென ஓர் அடையாள வரிசை உண்டு. அது நடுவிலே கிடக்க வேண்டும். சென்ட்ரோமியர் என்ற பகுதி ஒன்றுக்கு ஒன்றுதான் இருக்கும். இங்கே இரண்டின் சுவடு தெரிய வேண்டும். தேடினார்கள். மனிதனின் இரண்டாம் குரோமோசோமில், நுனியின் அடையாளம் நடுவில் இருந்தது. செயலிழந்த இரண்டாவது சென்ட்ரோமியரின் எச்சமும் இருந்தது. அவை இல்லாதிருந்தால் பொது மூதாதை என்ற கோட்பாடே ஆட்டங்கண்டிருக்கும்.

இப்போது மற்றொரு விளக்கத்தைக் கேளுங்கள். அறிவார்ந்த ஒருவர் வடிவமைத்தார் என்றால் மனிதனுக்கு எத்தனை குரோமோசோம் இருக்க வேண்டும்? 46 இருந்தாலும் சரி, 48 இருந்தாலும் சரி, 50 இருந்தாலும் சரி. எது கிடைத்தாலும் பொருந்தும் என்பதால், எதைத் தேடுவது என்று அது சொல்வதில்லை. அது பொய் என்று நான் சொல்லவில்லை. சோதனைச்சாலையில் அதைக் கொண்டு செய்யக்கூடிய வேலை எதுவும் இல்லை என்கிறேன். தேர்வு எழுதாத ஒருவருக்கு, மற்றவருக்கு அநீதியாகிவிடும் என்று சொல்லிச் சரிபாதி மதிப்பெண் போடுவதுண்டா?

'கோட்பாடுதானே' என்ற சொல்லிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. பேச்சு வழக்கில் அது ஊகம். விஞ்ஞானத்தில், பல சான்றுகளைக் கோத்து விளக்கும் அமைப்புக்கே அப்பெயர். நோய்கள் கிருமிகளால் பரவுகின்றன என்பதும் கோட்பாடுதான்; அதற்காக நாம் கைகழுவாமல் இருப்பதில்லை. பரிணாமத்தில் விடை காணாத வினாக்கள் உள்ளனவா என்றால், நிறைய உள்ளன. அவற்றை ஆசிரியர் மறைக்கக்கூடாது.

சமயத்தைப் பற்றிப் பள்ளியில் பேசவே கூடாது என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் சொல்லவில்லை. விவிலியத்தை இலக்கியமாகவும் வரலாறாகவும் பயில்வதற்குத் தடையில்லை என்று 1963-லேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. மக்கள் உலகத்தின் தோற்றத்தை எவ்வாறெல்லாம் எண்ணிப் பார்த்தனர் என்பது வரலாற்று வகுப்புக்கு அருமையான பொருள். கிடைத்தால் நானே நடத்துவேன்.

டோவர் வழக்கு முடிவதற்குள், 2005 நவம்பரில், அக்கொள்கையை ஆதரித்த குழுவினரை ஊர் மக்கள் தேர்தலில் தோற்கடித்துவிட்டனர். டிசம்பர் 20-ஆம் நாள் நீதிபதி ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பை வழங்கி, அறிவிப்பைத் தடை செய்தார். அவர் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷால் நியமிக்கப்பட்டவர். புதிய குழு மேல்முறையீடு செய்யவில்லை. வழக்குச் செலவுக்காக ஏறத்தாழப் பத்து லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்தது. அந்த அறிவிப்பைப் படித்து முடிக்க ஒரு நிமிடம் போதும்.