உலர்பனிக்கட்டி: அறிந்து பாவிப்போம்

எமது ஊர்த் திருமண மண்டபங்களில் சில காலமாக ஒரு வழக்கம் பரவி வருகிறது. மணமக்கள் மேடையை நோக்கி நடக்கும்போது அவர்களின் கால்களைச் சுற்றி வெண்மேகம் போலப் புகை படர்கிறது. படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பெரியவர்கள் எல்லோரும் கமராவைப் பார்த்துக்கொண்டிருக்க, சின்னஞ்சிறுசுகள் அந்தப் புகைக்குள் குனிந்தும் உட்கார்ந்தும் விளையாடுகின்றன. சில பிள்ளைகள் தரையில் படுத்து உருளுவதையும் கண்டிருக்கிறேன். அது என்ன புகை, எதிலிருந்து வருகிறது என்று எம்மில் எத்தனை பேர் விசாரித்திருப்போம்?

வீட்டிலேயே ஐஸ்கிறீம் செய்து வைபவங்களுக்கு விநியோகிக்கும் சிறு தொழிலை நான் எட்டு வருடங்களாகச் செய்து வருகிறேன். எனவே உலர்பனிக்கட்டியுடன் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. 'ட்ரை ஐஸ்' என்று சொன்னால்தான் விற்பவருக்கும் விளங்கும். இப்போது கேக் செய்பவர்கள், மீன், இறைச்சி பொதிசெய்து அனுப்புபவர்கள் என்று பல சகோதரிகள் இதை வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களில் பலர் "எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று மட்டுமே என்னிடம் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன.

இது நீர் உறைந்த கட்டி அல்ல. நாம் வெளிவிடும் மூச்சில் இருக்கும் அதே காபனீரொட்சைட்டு வாயுவை அமுக்கித் திரவமாக்கி, பின்னர் அமுக்கத்தைத் திடீரென விடுவித்தால் அது வெண்பனித் தூளாக மாறும். அதை இறுக்கி அழுத்தித்தான் கட்டிகளாகவும் சிறு உருளைகளாகவும் ஆக்குகிறார்கள். 1835ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த திலோரியே என்பவர் இதைப் பற்றி எழுதினார். 1920களில் அமெரிக்காவில் வியாபாரப் பொருளாக வந்தபோது வைத்த பெயர்தான் 'ட்ரை ஐஸ்'. இதன் வெப்பநிலை சைபருக்குக் கீழே 78.5 பாகை செல்சியஸ். எமது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதிகூட சைபருக்குக் கீழே 18 பாகை அளவில்தான் இருக்கும். பாடசாலையில் 'பதங்கமாதல்' என்று படித்தோமே, அதுதான் இங்கே நடக்கிறது. கட்டி உருகித் தண்ணீராகாமல் நேரே வாயுவாகிறது. பெட்டிக்குள் ஈரம் படாது, ஐஸ்கிறீம் கப்பும் நனையாது. அதனால்தான் இதற்கு இவ்வளவு மதிப்பு. 2021 ஜூலையில் எமது நாட்டுக்கு வந்த பைசர் கொவிட் தடுப்பூசியும் கடுங்குளிரில் வைக்கப்பட வேண்டியது. அத்தகைய தடுப்பூசிகளை உலகெங்கும் கொண்டுசெல்ல உலர்பனிக்கட்டி நிரப்பிய பெட்டிகளே உதவின.

நன்மை இப்படியிருக்க, ஆபத்து எங்கே இருக்கிறது? குளிரில் ஒரு பங்கு என்றால் மற்றப் பங்கு அந்த வாயுவில் இருக்கிறது. என்னைக் கேட்டால் பெரிய பங்கு வாயுவில்தான். கை சுட்டால் நமக்கு உடனே தெரியும். வாயு வந்தால் தெரியாது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாம் காணும் வெண்புகை வளியிலுள்ள நீராவி குளிர்ந்து உண்டாகும் மூடுபனி மட்டுமே. புகை கலைந்து போனாலும் வாயு அங்கேயே இருக்கலாம். அது வளியைவிட ஒன்றரை மடங்கு பாரமானது என்பதால் தரையோடு தரையாகத் தங்கும். பிள்ளைகளின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

வாங்கும்போது

எமக்குக் கிடைப்பது பெரும்பாலும் கொழும்பை அண்டிய பகுதிகளில் கைத்தொழில் வாயுக்கள் விற்கும் நிறுவனங்களிடமிருந்துதான். முன்கூட்டியே சொல்லி வைத்து, தேவைப்படும் நேரத்துக்கு மிக அண்மையில் போய் எடுங்கள். முதல்நாளே வாங்கி வைப்பது காசை வளியில் விடுவதற்குச் சமம். ஓர் அங்குலத் தடிப்புள்ள ரெஜிபோம் பெட்டியில் 10 கிலோ வைத்தால் ஒரு நாளைக்கு 2 கிலோ முதல் 5 கிலோ வரை குறைந்துவிடும். எமது வெயிலில், அடிக்கடி மூடியைத் திறந்தால் இன்னும் கூடும். பெரிய கட்டி நின்று பிடிக்கும். சிறு உருளைகள் விரைவாகக் குளிரூட்டும், விரைவாகவே போயும் விடும். தூரப் பயணத்துக்குக் கட்டிதான் நல்லது. நிறுவையை உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். கடதாசியில் சுற்றித் தந்தால் பெட்டிக்குள் வெற்றிடம் இல்லாதவாறு பழைய பத்திரிகைகளை அடையுங்கள்.

பெட்டியின் மூடி இலேசாகப் பொருந்தி இருந்தால் போதும். பசைநாடா சுற்றி இறுக்கி ஒட்டக் கூடாது. வாயு வெளியேற வழி இல்லையென்றால் பெட்டி வெடிக்கும்.

பயணத்தில்

இதைத்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு கிலோ உலர்பனிக்கட்டி முழுவதும் வாயுவானால் 500 லீற்றருக்கும் மேல் வரும். ஒரு சிறிய வானின் உள்ளிடம் ஏறக்குறைய 7,000 லீற்றர். யன்னல்கள் மூடியிருந்து, வெளிக்காற்று உள்ளே வராவிட்டால், அந்த ஒரு கிலோவே வானுக்குள் இருக்கும் வளியில் 7 வீதத்தைக் காபனீரொட்சைட்டாக்கிவிடப் போதுமானது. சாதாரண வளியில் அது 0.04 வீதம்தான். 3 வீதமளவில் மூச்சு வேகமாகும், தலை வலிக்கும். 5 வீதத்தில் மூச்சுத் திணறலும் தலைச்சுற்றும் வரும். 7 வீதத்துக்கு மேல் போனால் நினைவிழந்து விழ நேரிடும், 10 வீதத்தில் அதற்குச் சில நிமிடங்களே போதும். ஒட்சிசன் குறைவதால் மட்டும் இது நடப்பதில்லை. இந்த வாயு அளவுமீறி உள்ளே போனாலே உடலுக்கு நஞ்சு.

பல பெட்டிகளை ஏற்றினால், அல்லது பெட்டி தரமில்லாததாக இருந்தால், கொழும்பிலிருந்து மாத்தளைக்கு வந்து சேர்வதற்குள் ஒரு கிலோ குறைவது பெரிய விடயமல்ல. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பெரிய கல்யாண ஓடருக்காக ஐந்து பெட்டிகளுடன் வாடகை வானில் வந்துகொண்டிருந்தோம். என் மச்சாளும் அவளுடைய நான்கு வயது மகனும் கூட வந்தார்கள். புறப்படும்போதே யன்னல்களைத் திறந்து வைத்தேன். சாரதித் தம்பிக்கு அது பிடிக்கவில்லை.

"அக்கா, ஏ.சி. போட்டிருக்கு. திறந்தா ஐஸ் உருகிடும்."

"அது பெட்டிக்குள்ள இருக்கு தம்பி, அவ்வளவு லேசில உருகாது. எங்களுக்குத்தான் காத்து வேணும்."

மாவனல்லையைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அவர் எல்லா யன்னல்களையும் ஏற்றிவிட்டு ஏ.சியை உட்காற்றையே சுற்றும் நிலையில் போட்டார். நான் மறுத்ததற்கு, "கடுகண்ணாவை ஏற்றம் முடியட்டும் அக்கா" என்றார். பத்துப் பதினைந்து நிமிடம் போயிருக்காது, "தலை இடிக்குது" என்றாள் மச்சாள். பின்னால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்த சின்னவன் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தான். அவனுடைய நெஞ்சு வேகமாக ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. படி ஏறியவள் போல எனக்கும் மூச்சு வாங்கியது. அதற்குமேல் நான் கெஞ்சிக்கொண்டிருக்கவில்லை. "இப்பவே நிப்பாட்டுங்க" என்று சத்தம் போட்டு, வீதியோரத்தில் எல்லாக் கதவுகளையும் திறக்க வைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கி நின்றேன். சில நிமிடங்களில் அவன் பழையபடி கதைக்கத் தொடங்கினான். தனக்கும் கண் மங்கலாக இருந்தது என்று சாரதி பிறகுதான் ஒத்துக்கொண்டார். வளைவும் ஏற்றமும் நிறைந்த அந்த வீதியில் அவருக்கு நினைவு தப்பியிருந்தால்?

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2018 ஜூலையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஐஸ்கிறீம் விநியோகிக்கும் ஒருவரின் காரை எடுத்துக்கொண்டு அவருடைய மனைவியும் தாயும் சென்றார்கள். காருக்குள் உலர்பனிக்கட்டிப் பெட்டிகள் இருந்தன. மாமியார் உயிரிழந்தார். மருமகள் ஆபத்தான நிலையில் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். 2020 பெப்ரவரியில் மொஸ்கோவில் ஒரு பிறந்தநாள் விருந்தின்போது, புகை வருவதற்காக மூடிய அறையிலிருந்த நீச்சல் தடாகத்தில் சுமார் 25 கிலோ உலர்பனிக்கட்டியைக் கொட்டினார்கள். மூன்று பேர் இறந்தார்கள்.

ஆகவே, முடிந்தவரை திறந்த பின்பகுதியுள்ள லொறியில் ஏற்றுங்கள். வானாக இருந்தால் யன்னல்கள் திறந்தே இருக்கட்டும், பிள்ளைகளை அதில் ஏற்றவே வேண்டாம். மழை வந்தால் நனைவதே மேல். விமானத்தில் போகும் உறவினரிடம் உறைந்த சாமான் கொடுத்தனுப்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை: விமான நிறுவனத்தின் அனுமதியுடன் ஒரு பயணிக்கு 2.5 கிலோ வரைதான் கொண்டு போகலாம். அந்தப் பொதியிலும் வாயு வெளியேற வழி இருக்க வேண்டும்.

வீட்டில்

வைக்கும் இடம் முன்விறாந்தையோ காற்றோட்டமுள்ள கொட்டிலோ ஆகட்டும். படுக்கையறை, களஞ்சிய அறை, நிலக்கீழ் அறை எதுவும் சரிவராது. தரையில் பாய் விரித்துப் படுக்கும் வழக்கம் எமது வீடுகளில் இன்னும் உண்டு. அப்படிப் பிள்ளையோ மூத்தவரோ படுக்கும் அறையில் இரவு முழுவதும் இந்தப் பெட்டி இருக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் கூடுதலாக நிற்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்குள் இருக்கும் குளிர் இதற்கு வெயில் மாதிரி, எனவே நிற்காது. கடுங்குளிரில் பெட்டியின் வெப்பக் கட்டுப்பாடும் குழம்பிவிடும்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அந்த நாட்களில் பக்கத்து வீட்டு ரீச்சர் தன் தாயாரின் இன்சுலினுக்காக ஒரு துண்டு கேட்டு வந்தார். கொடுத்திருந்தால் அந்த மருந்து முழுவதும் வீணாகியிருக்கும். இன்சுலினை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்தால் பிறகு அது பயன்படாது, இளகிய பின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வீசத்தான் வேண்டும். பாவனையில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் 30 பாகைக்குட்பட்ட நிழலில் நான்கு வாரமளவு தாங்கும், அந்தந்த வகைக்குரிய காலத்தை மருந்தாளரிடம் கேட்டறியலாம். பெரிய மண்சட்டிக்குள் சிறிய சட்டியை வைத்து, இடையில் ஈரமணல் போட்டு, மருந்தைப் பொலித்தீன் பையில் கட்டி உள்ளே வைக்கும்படி சொன்னேன். எமது பாட்டிமாரின் குளிர்சாதனப் பெட்டி அதுதானே!

கையாளும்போது

வெறுங்கையால் தொடக் கூடாது. மெல்லிய இறப்பர்க் கையுறை இதற்கு உதவாது. தடித்த தோல் கையுறை அல்லது அடுப்பங்கரையில் பாவிக்கும் தடித்த துணிக் கையுறை வேண்டும், அது நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத் துணி கட்டியோடும் தோலோடும் ஒட்டிக்கொள்ளும். உடைப்பதானால் துணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, வெளியில் வைத்து உடையுங்கள். பளிங்குத் தரையிலோ கண்ணாடி மேசையிலோ வைத்தால் அவை வெடித்துவிடும்.

தோலில் பட்டுவிட்டால் தீப்புண் போலவே கொப்பளிக்கும். தேய்க்க வேண்டாம், பற்பசை, எண்ணெய் பூச வேண்டாம், சுடுநீரும் வேண்டாம். உடற்சூடு அளவான இளஞ்சூட்டு நீரில் இருபது நிமிடமளவு வைத்திருங்கள். துணி ஒட்டியிருந்தால் இழுக்காமல் அதே நீரை ஊற்றுங்கள். கொப்பளம் எழுந்தாலோ, இடம் வெளிறி உணர்வற்றுப் போனாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். மூடிய அறையில் ஒருவர் மயங்கிக் கிடந்தால், கதவு யன்னல்களைத் திறக்காமல் உள்ளே ஓடிக் குனிய வேண்டாம், தூக்கப் போனவரும் விழுவார். 1990க்கு அழையுங்கள்.

வைபவம் முடிந்ததும் மிச்சத் துண்டுகளைப் பொடியன்கள் பொறுக்கி, சோடாப் போத்தலில் தண்ணீருடன் போட்டு மூடுவதைக் கண்டேன். பார்த்தவுடனே எல்லோரையும் விரட்டினேன். அப்படி மூடிய போத்தல் குண்டு போல வெடிக்கும், கண்ணைப் பறிக்கும். இன்னொன்று, பானத்தில் இதைப் போட்டுப் புகையவிட்டுப் பரிமாறும் நாகரிகம். கட்டி வாய்க்குள் போனால் வாயும் தொண்டையும் உறைந்து புண்ணாகும், விழுங்கினால் இரைப்பையே கிழியலாம். 2024 மார்ச்சில் இந்தியாவின் குருகிராமில் ஓர் உணவகத்தில், உணவுக்குப் பின் வாய் மணக்கத் தரும் பொருள் என்று இதைக் கொடுத்துவிட்டார்கள். உண்டவர்கள் இரத்த வாந்தி எடுத்து வைத்தியசாலைக்குப் போனார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் எந்தக் குவளையிலும் இது வேண்டாம்.

மீதியைக் கழுவுதொட்டியிலோ மலசலகூடத்திலோ குப்பை வாளியிலோ போடாதீர்கள். பிளாஸ்ரிக் குழாய்கள் விறைத்து உடையும். கிணற்றில் போடுவது அதைவிட மோசம். வாயு கீழே தங்கி, பின்னர் இறைக்கவோ துப்புரவாக்கவோ இறங்குபவரின் உயிரைக் குடிக்கும். நான் செய்வது இதுதான்: பிள்ளைகளும் கோழி, பூனையும் போகாத முற்றத்து மூலையில் பெட்டியின் மூடியை அகற்றி வைத்துவிடுவேன். மறுநாள் விடிந்து பார்த்தால் பத்திரிகைக் கடதாசி மட்டும் காய்ந்தபடி கிடக்கும். அந்தப் பெட்டியைத் துடைத்து அடுத்த ஓடருக்கு எடுத்து வைப்பேன்.